திண்ணையை இடித்த கதை

கொஞ்சம் நீளமான பதிவு. அடுப்பில் ஏதாவது இருந்தால் இறக்கி வைத்துவிட்டு வந்து படியுங்கள்.

போன மாதம் நம் பள்ளிக்கூடத்துப் பழைய மாணவன் ஒருவன் போட்டோ அனுப்பியிருந்தான். சென்னையில் கட்டட வேலை எடுத்துச் செய்கிறவன். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு வீட்டுக்கு வெளியில் மரப்பலகைத் தளம் போட்டுக் கொடுத்திருக்கிறான். 'டெக்' என்கிறார்கள். போட்ட புதிதில் எடுத்த படமும் இரண்டு மழைக்காலம் கழித்து எடுத்த படமும் பக்கத்தில் பக்கத்தில். முதல் படத்தில் தேன் நிறப் பலகை. இரண்டாவதில் கறுத்து, வளைந்து, ஆணித் தலையைச் சுற்றித் துரு ஒழுகி, ஓரத்தில் ஒரு பலகை கறையான் அரித்துத் தூளாகி இருந்தது. "டீச்சர், வீட்டுக்காரர் சண்டைக்கு வர்றார். நம்ம ஊர் வெயிலுக்கும் ஈரத்துக்கும் வெளியில மரமே நிக்காதா? நம்ம ஆளுங்க அந்தக் காலத்துல என்னதான் பண்ணாங்க?" என்று கேட்டிருந்தான்.

போனில் பதில் சொல்ல முடியவில்லை. சொல்ல ஆரம்பித்தால் என் வீட்டுக் கதையும் சேர்ந்து வரும். அதனால் எழுதுகிறேன்.

முதலில் பாடம். பிறகு கதை.

நம் ஊர் வேதாரண்யம் பக்கம். கடல், உப்பளம், ஈரக்காற்று. மதுரையிலோ வேலூரிலோ அடிக்கிற வெயில் இங்கே இல்லை. ஆனாலும் உடம்பு அவிந்து போகும். ஏன்? ஐந்தாம் வகுப்பில் சொல்லிக் கொடுத்ததுதான். வேர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும். காற்றிலேயே ஈரம் நிறைந்திருந்தால் வேர்வை காயாது. காற்று ஓடினால் மட்டும் கொஞ்சம் காயும். ஆக, இந்த மாதிரி ஊரில் வீட்டுக்கு வெளியே உட்காருகிற இடத்துக்கு நாலு வேலை இருக்கிறது. நிழல் தர வேண்டும். காற்றை மறிக்கக் கூடாது. ஐப்பசி கார்த்திகை மழையில் நனையக் கூடாது. தரை ஈரமும் கறையானும் ஏறாத உயரத்தில் இருக்க வேண்டும்.

இந்த நாலையும் செய்கிற ஒன்றுக்கு நம் பெரியவர்கள் வைத்த பெயர் திண்ணை.

நான் 1983-ல் கல்யாணமாகி வந்த வீட்டில் இருந்த திண்ணையைச் சொல்கிறேன். வாசலுக்கு இடது பக்கம் பெரிய திண்ணை. நாலு பேர் படுக்கலாம். வலது பக்கம் ஒட்டுத் திண்ணை. ஒருவர் உட்காரலாம். பெரிய திண்ணையின் ஒரு கோடியில் தலை வைக்கச் சாய்வாகக் கட்டிய திண்டு. தெருவிலிருந்து இடுப்பு உயரம். உள்ளே மண் நிரப்பி, சுற்றிச் செங்கல் கட்டி, மேலே சுண்ணாம்புக் காரை. மண் நிறைந்திருப்பதால் அது பகல் வெயிலில் சீக்கிரம் சூடேறாது. மத்தியானம் சட்டையைக் கழற்றிவிட்டுப் படுத்தால் முதுகு ஜில்லென்று இருக்கும் என்று என் மாமனார் சொல்வார். (அந்த அனுபவம் எனக்குக் கிடையாது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.) தளம் தெருப்பக்கம் கண்ணுக்குத் தெரியாத அளவு சாய்ந்திருக்கும். சாரல் அடித்தால் தண்ணீர் நிற்காமல் வடிந்துவிடும்.

மேலே நாட்டு ஓடு. கீழே பனங்கைமரம். ஓட்டுச் சரிவு நன்றாக இறங்கி, பெரியவர்கள் குனிந்து நுழைகிற உயரத்துக்கு வந்திருக்கும். புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் ஒரு முறை தலையில் இடித்துக்கொள்வார்கள். கட்டியவருக்கு அளவு தெரியாமல் இல்லை. அவ்வளவு தாழ்வாக இருந்தால்தான் சாயங்கால வெயிலும் வாடைக் காற்றுச் சாரலும் உள்ளே வராது.

நாலு மரத்தூண். ஒவ்வொரு தூணும் நேராகத் தரையில் நிற்காது. கீழே ஒரு கருங்கல் பீடம். இதைத்தான் அந்த மாணவனுக்கு முதலில் சொல்ல வேண்டும். மரத்தின் மேல் மழை பெய்வதால் மட்டும் மரம் மக்குவதில்லை. நனைந்து காயாமல் இருப்பதால்தான் மக்குகிறது. மரத்தில் ஈரம் நூற்றுக்கு 20 பங்குக்குக் கீழே இருந்தால் பூஞ்சையால் அதை ஒன்றும் செய்ய முடியாது என்பது மரவியல் படித்தவர்கள் சொல்லும் கணக்கு. கல் பீடம் தரை ஈரத்தைத் தூணுக்கு ஏற விடாது. கறையான் கல் மேல் மண்புற்றுக் கட்டி ஏறினால் விடியற்காலையில் வாசல் தெளிக்க வருகிறவர் கண்ணில் பட்டுவிடும். விளக்குமாற்றால் ஒரு தட்டு. அவ்வளவுதான் பராமரிப்பு.

இன்னொன்று, இரும்பு ஆணி கிடையாது. மரத்தை மரத்தில் கோத்து, மர ஆணி அடித்திருப்பார்கள். உப்புக் காற்று இரும்பைத் தின்னும். துருப்பிடித்த ஆணி தன்னைச் சுற்றியுள்ள மரத்தையும் கெடுக்கும். அந்த போட்டோவில் துரு ஒழுகியது அதனால்தான்.

சரி, இது பழைய சங்கதிதானே, வெளியூர்க்காரர்கள் இதை எப்படிப் பார்த்தார்கள்?

வந்த வெள்ளைக்காரர்களை இந்த வெக்கை பாடாய்ப் படுத்தியது. அவர்கள் ஊரில் வெளியே உட்காருவது வெயில் காய. இங்கே வெயிலுக்குத் தப்பி உட்கார இடம் வேண்டியிருந்தது. அவர்கள் கட்டிய 'பங்களா'வின் பெயரே வங்காளத்து வீடு என்பதிலிருந்து வந்தது. சுற்றி ஓடுகிற 'வராந்தா' என்ற சொல் போர்ச்சுகீசியர் வாயில் புழங்கிய சொல். நம் திண்ணைக்கு அவர்களிடம் சொல் இல்லை. அதனால் 'பயால்' என்று ஒன்றை வைத்துக்கொண்டார்கள். உட்காருகிற கல்மேடை என்னும் போர்ச்சுகீசியச் சொல்லிலிருந்து வந்தது அது. 1886-ல் வெளிவந்த ஹாப்சன் ஜாப்சன் என்ற ஆங்கிலோ இந்தியச் சொல் அகராதியில் இந்தச் சொல் இருக்கிறது, தென்னிந்தியாவில் மட்டும் வழங்குவது என்ற குறிப்போடு.

திண்ணைப் பள்ளிக்கூடத்தை அவர்கள் 'பயால் ஸ்கூல்' என்றார்கள். 1822-ல் சென்னை கவர்னர் தாமஸ் மன்றோ, மாகாணத்தில் எத்தனை பள்ளிக்கூடம், எத்தனை பிள்ளைகள் என்று கணக்கெடுக்க உத்தரவு போட்டார். 1826-ல் அவர் எழுதிய குறிப்பில் கணக்கு இருக்கிறது. 12,498 பள்ளிக்கூடங்கள். 1,88,650 பிள்ளைகள். அரசாங்கக் கட்டடம் எதுவும் கிடையாது. வாத்தியார் வீட்டுத் திண்ணை, ஊர்ப் பெரியவர் வீட்டுத் திண்ணை, கோயில் மண்டபம், மரத்தடி இவைதான் வகுப்பறை. அதற்கும் முன்னால், 1789-ல் சென்னை எழும்பூரில் அநாதைப் பிள்ளைகள் விடுதியின் பொறுப்புக்கு வந்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், நம் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைப் பார்த்தார். மூத்த பிள்ளைகளைக் கொண்டே இளையவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கும் முறையைத் தன் விடுதியில் நடத்தினார். 1797-ல் லண்டனில் அதைப் புத்தகமாகப் போட்டார். 'மெட்ராஸ் முறை' என்று பேர் பெற்று அது இங்கிலாந்துப் பள்ளிகளுக்குப் போனது. நம் ஊரில் சட்டாம்பிள்ளை என்று சொன்னோமே, அவன்தான் அங்கே 'மானிட்டர்' ஆனான்.

ஆக, திண்ணை வெறும் உட்காருகிற மேடை இல்லை. அறை என்று ஒன்று கட்டாமலே ஊருக்கு ஓர் அறை.

சாமான்களும் காலத்துக்கேற்ப மாறிக்கொண்டே வந்தன. பாசல் மிஷன்காரர்கள் 1865-ல் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கினார்கள். ஜார்ஜ் பிளெப்ஸ்ட் என்பவர் அதற்கு மூலவர். குயவர் சக்கரத்தில் செய்த நாட்டு ஓட்டை வருஷத்துக்கு ஒரு தரம் ஆள் வைத்து மாற்றிக் கட்ட வேண்டும். மங்களூர் ஓடு ஒன்றோடு ஒன்று கொக்கி போட்டு உட்காரும். ரயில் போன ஊரெல்லாம் அந்த ஓடும் போனது. வசதி உள்ளவர்கள் பர்மாத் தேக்கு இறக்கினார்கள். செட்டிநாட்டு வீடுகளின் தூண்களைப் பார்த்திருப்பீர்கள். எங்கள் பக்கம் அவ்வளவு வசதி இல்லை. பனைதான். முற்றிய பனையின் வெளிவட்டம் மட்டும் வைரம். நடுவில் சோறு. சோற்றைச் செதுக்கி எறிந்துவிட்டு வைரத்தை எடுத்தால் தாத்தா போட்டது பேரன் காலத்துக்கும் நிற்கும். இளம் பனையை வெட்டிப் போட்டவன் வீடு பத்து வருஷத்தில் உளுத்துக் கொட்டும். மரம் எந்த ஜாதி என்பதைவிட எவ்வளவு முற்றியது, எந்தப் பகுதி என்பதுதான் முக்கியம்.

அடுத்து வேலி.

எங்கள் கொல்லைக்குச் சுற்றிலும் கிளுவை வேலி. மழை தொடங்கும்போது போத்து வெட்டி நட்டால் போதும், துளிர்த்துக்கொள்ளும். நடுநடுவே ஒதியம், பூவரசு. ஆடு கடிக்காத ஆடாதொடையும் நொச்சியும் சந்துகளை அடைக்கும். வாசலுக்கு மூங்கில் படல். இந்த வேலிக்குக் கறையான் பயம் கிடையாது, ஏனென்றால் அது உயிரோடு இருக்கிறது. நட்ட கம்பு மக்கும், நட்ட போத்து வேர் விடும். காற்று அதற்குள் புகுந்து வரும். வெயிலின் சூடு இலையில் தணிந்து வரும். பூவரச இலையை மார்கழியில் கொழுக்கட்டைக்குப் பறித்துக்கொள்ளலாம். வருஷம் ஒரு தரம் கழித்துக் கட்ட வேண்டும், அவ்வளவுதான் செலவு.

வேலி என்றதும் ஒரு சரித்திரம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வட இந்தியாவில் உப்பு வரியைக் காப்பாற்ற ஆங்கிலேய அரசாங்கம் 2,000 மைலுக்கு மேல் ஒரு சுங்க எல்லை போட்டது. அதில் நூற்றுக்கணக்கான மைலுக்கு உயிர்வேலி வளர்த்தார்கள். கருவேலம், இலந்தை, களா, சப்பாத்திக்கள்ளி என்று மண்ணுக்கேற்ற முள். உப்பு மூட்டை தாண்டக் கூடாது என்று ஆயிரக்கணக்கான ஆட்கள் காவல். அதை மும்முரமாக வளர்த்த அதிகாரி ஆலன் ஆக்டேவியன் ஹியூம். ஆமாம், 1885-ல் காங்கிரசைத் தொடங்கியவர்களில் ஒருவரான அதே ஹியூம்தான். 1879-ல் அந்த வேலியைக் கைவிட்டார்கள். வரியைக் கைவிடவில்லை.

அந்த உப்பு வரிக்காகத்தான் 1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜி ஏறக்குறைய நூறு பேரோடு திருச்சியிலிருந்து நம் வேதாரண்யத்துக்கு நடந்தார். வழியில் யாரும் இவர்களுக்குச் சோறு போடக் கூடாது, தங்க இடம் கொடுக்கக் கூடாது, மீறினால் தண்டனை என்று தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் அறிவித்தார். நம் ஜனங்கள் சோற்றுப் பொட்டலத்தை மரக்கிளையில் கட்டிவிட்டுப் போனார்கள் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். யோசித்துப் பாருங்கள். வெளியூர்க்காரன் ஒருவன் வந்து நம் திண்ணையில் உட்காருவதைச் சட்டம் போட்டுத் தடுக்க வேண்டியிருந்தது. சட்டம் இல்லாவிட்டால் உட்கார்ந்துவிடுவான். அது அவ்வளவு இயல்பாக இருந்தது.

எல்லாருக்கும் அப்படி இருந்ததா? இனிதான் என் கதை.

பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தும்போது திண்ணையை நான் ரொம்பப் புகழ்ந்திருக்கிறேன். வழிப்போக்கர் தங்கினார்கள், தண்ணீர்ப்பானை வைத்திருந்தார்கள், விருந்தோம்பல் என்றெல்லாம். பாதிதான் சொன்னேன். மீதியை இன்று சொல்கிறேன்.

திண்ணையில் பெண்கள் உட்காருவதில்லை. வயசுக்கு வந்த பெண் தெருப்பார்க்க உட்கார்ந்தால் பேச்சு வரும். எங்களுக்கு இடம் ரேழி, அடுப்படி, பின்தாழ்வாரம். நான் வேலைக்குப் போகிற மருமகளாக வந்தேன். பரீட்சைப் பேப்பர் திருத்த வெளிச்சம் வேண்டும், காற்று வேண்டும், கரண்ட் நிற்காது. ஒரு நாள் துணிந்து ஒட்டுத் திண்ணையில் கட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மாமா பெரிய திண்ணையில் இருந்தார். பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து எழுந்து உள்ளே போய்விட்டார். மறுநாள் அவரே "வெளிச்சம் அந்தப் பக்கம்தாம்மா நல்லா வரும்" என்று பெரிய திண்ணையைக் காட்டிவிட்டு ஒட்டுத் திண்ணைக்கு மாறிக்கொண்டார். நல்ல மனிதர். இதை நினைவில் வைத்துக்கொண்டு அடுத்ததைப் படியுங்கள்.

1986 கார்த்திகை. அடைமழை. என் வகுப்பு மாணவன் ஒருவன் ஸ்காலர்ஷிப் ஃபாரத்தில் கையெழுத்து வாங்க வீட்டுக்கு வந்தான். மறுநாள் கடைசி தேதி. தலையில் உரச்சாக்கைக் கொங்காணி போட்டிருந்தான். மாமா திண்ணையிலிருந்து கேட்டார், "எந்தத் தெருப்பா நீ?" அவன் சொன்னான். "அங்கயே நில்லு. டீச்சர் வரும்" என்றார்.

அதட்டவில்லை, திட்டவில்லை. என்னிடம் வெளிச்சத்தைக் காட்டிய அதே குரல்.

தாழ்வாரத்து ஓடு தாழ்ந்திருக்கும் என்று சொன்னேன் அல்லவா? திண்ணையில் இருப்பவர் நனையாமல் இருக்க அந்தத் தண்ணீர் எல்லாம் ஒரே கோட்டில் திண்ணைக்குக் கீழே விழும். அவன் நின்றது அந்தக் கோட்டில். நான் உள்ளேயிருந்து வருவதற்குள் ஃபாரத்தில் மை கரைந்து ஓடியிருந்தது. நான் "மேலே வா" என்று சொல்லவில்லை. நின்றபடி அதை வாங்கிக்கொண்டு, "நாளைக்கு ஸ்கூல்ல வேற ஃபாரம் எழுதிக்கலாம், போ" என்றேன். மறுநாள் எழுதிக் கொடுத்தேன். அவனுக்குப் பணமும் வந்தது. ஆனால் அன்று எனக்கு 26 வயது, கையில் சம்பளம், பெயருக்கு முன்னால் ஆசிரியை. ஒரு வார்த்தை வரவில்லை.

அவன் இன்று நல்ல வேலையில் இருக்கிறான். இந்தப் பதிவையும் படிப்பான். எழுதும் முன் அவனிடம் கேட்டேன். "எழுதுங்க டீச்சர். அய்யா கேட்டதை மட்டும் எழுதாதீங்க. நீங்க பேசாம நின்னதையும் எழுதுங்க" என்றான். எழுதிவிட்டேன்.

1998-ல் பி.எஃப். கடன் போட்டு முன்பக்கத்தை மாற்றினோம். தெருவை மேலே மேலே உயர்த்தியதில் திண்ணை தாழ்ந்துவிட்டது. ஸ்கூட்டர் நிறுத்த இடம் வேண்டும். பக்கத்துத் தெருவில் எல்லாரும் போர்ட்டிகோ கட்டியிருந்தார்கள். நானும் என் வீட்டுக்காரரும் சேர்ந்து முடிவு எடுத்தோம், மறைக்க ஒன்றுமில்லை. திண்ணையை இடித்தோம். ஓட்டை இறக்கி கான்கிரீட் தளம் போட்டோம். மூன்று பக்கமும் கிரில். கிளுவை வேலியைப் பிடுங்கி ஹாலோபிளாக் மதில். இரும்பு கேட். நாலு தூணில் இரண்டை விற்றோம். மாமா ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "மத்த ரெண்டை விக்காதீங்க. மாட்டுக்கொட்டாய்ல கெடக்கட்டும்."

கிரிலுக்கு உள்ளே அவருக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டோம். கான்கிரீட் பகலெல்லாம் குடித்த சூட்டை ராத்திரி கக்கும். அவர் தூக்கம் கெட்டது. அதைவிடப் பெரியது, ஆள் வருவது நின்றது. திண்ணையில் இருந்தபோது போகிற வருகிறவர்கள் ஒரு காலைத் தூக்கி வைத்து நாலு வார்த்தை பேசிவிட்டுப் போவார்கள். கேட்டைத் திறந்து வர ஒரு காரணம் வேண்டும். காரணம் இல்லாமல் வருவதற்குத்தான் திண்ணை. கேட் சத்தம் கேட்டால் எழுந்து எழுந்து பார்ப்பார். பெரும்பாலும் பால்காரர்தான். 2001-ல் போய்ச் சேர்ந்தார்.

அந்தப் பையன் வெளியே நின்றதற்கும் இதற்கும் கணக்குச் சரியாகிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். கணக்கு அப்படித் தீராது. ஒருவரை ஏற விடாத திண்ணையும், ஒருவரும் வராத போர்ட்டிகோவும், இரண்டுமே அந்த வீட்டில்தான் இருந்தன. இரண்டையும் நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

2018-ல் நான் ஓய்வு பெற்றேன். அந்த நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல். எங்கள் மதில் முழு நீளமும் படுத்துவிட்டது. காற்று புக வழியில்லாத சுவர், அப்படியே தள்ளிவிட்டது. பக்கத்துக் கொல்லையில் பழைய உயிர்வேலி இலையெல்லாம் இழந்து நின்றது, ஆனால் நின்றது. கரண்ட் வர இருபது நாளுக்கு மேல் ஆயிற்று. ஃபேன் இல்லாத கான்கிரீட் வீட்டில் படுக்க முடியவில்லை. எதிர் வீட்டில் பழைய திண்ணை இருக்கிறது. ஓடு பாதி பறந்து, மேலே தார்ப்பாய். அந்தத் திண்ணையில்தான் நாங்கள் பெண்கள் ஆறு பேர் வரிசையாகப் படுத்தோம். எந்தத் தெரு என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. 58 வயதில் முதல் முறையாகத் திண்ணையில் முதுகு வைத்துப் படுத்தேன். மாமா சொன்ன அந்த ஜில் உண்மைதான்.

இப்போது என் மாணவனுக்குப் பதில்.

தம்பி, வெளியில் மரம் நிற்கும். அதை நிற்க வைப்பதில் உலகத்துக்கே வழிகாட்டியவர் நம் நாட்டுக்காரர்தான். டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் இருந்த சோந்தி காமேசன் 1933-ல் தாமிரம், குரோமியம், ஆர்சனிக் மூன்றையும் சேர்த்து ஒரு மருந்து கண்டுபிடித்தார். தாமிரம் பூஞ்சைக்கு, ஆர்சனிக் கறையானுக்கு, இரண்டையும் மரத்தோடு பிணைத்து வைக்கக் குரோமியம். அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு போட்ட மரத்தளமும் வேலியும் பல பத்தாண்டுகள் இந்த மருந்தில் ஊறிய மரத்தில்தான் நின்றன. ஆர்சனிக் விஷம் என்பதால் 2003 முடிவோடு வீட்டு உபயோகத்துக்கு அங்கே விற்பதை நிறுத்திக்கொண்டார்கள். இப்போது தாமிரத்தை முக்கியமாக வைத்த வேறு மருந்துகள் வந்துவிட்டன.

ஆனால் மருந்து இரண்டாவது. முதலில் கல் பீடம். பலகையைத் தரையோடு ஒட்டாதே, அடியில் காற்று ஓட இடம் விடு. பலகைக்கும் பலகைக்கும் நடுவில் சந்து விடு, தண்ணீர் இறங்கட்டும். வெட்டிய முனையில்தான் ஈரம் ஏறும், அங்கே மருந்தும் எண்ணெயும் கூடுதலாகப் பூசு. கடலோரத்தில் சாதா இரும்பு ஆணி வேண்டாம், உப்புக்குத் தாங்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் திருகாணி போடு. எல்லாவற்றுக்கும் மேலே, கூரை போடு. திறந்த வெளியில் மரம் பரப்பி வெயில் காய்வது குளிர் நாட்டுக்காரர்களுக்கு. நம் ஊரில் ஏப்ரல் மத்தியானம் அதில் பூனைகூடப் படுக்காது.

கடைசியாக ஒரு சேதி. வருகிற தையில் போர்ட்டிகோவை எடுத்துவிட்டுத் திண்ணை கட்டப் போகிறேன். பெரிசாக இல்லை, ஆறடி நீளம், முழங்கால் உயரம், வயசானவர்கள் ஏற ஒரு படி. கொட்டகையில் கிடந்த இரண்டு தூணையும் ஆசாரி தட்டிப் பார்த்துவிட்டு, "இன்னும் ரெண்டு தலைமுறைக்குக் காணும்மா" என்றார். மதில் இருந்த இடத்தில் கிளுவைப் போத்து நட்டாயிற்று, துளிர் விட்டிருக்கிறது. தெருப்பக்கம் கேட் கிடையாது. தாழ்வாரத் தண்ணீருக்கு இந்த முறை தகரத் தூம்பு வைத்து ஓரமாக இறக்கச் சொல்லியிருக்கிறேன். கீழே நிற்பவர் தலையில் விழாது. கீழே யாரும் நிற்கவும் வேண்டாம்.

அந்த மாணவனை முதலில் வந்து உட்காரக் கூப்பிட்டேன். "லீவு கிடைச்சா பாக்கறேன் டீச்சர்" என்றான். வருவான், வராமலும் போகலாம். அது அவன் இஷ்டம். இடம் இருக்கும்.

உங்களில் யாராவது பழைய வீடு பிரித்தால் நாட்டு ஓடு தூக்கி எறியாதீர்கள். எனக்கு முந்நூறு ஓடு தேவைப்படுகிறது. வண்டி வாடகை நான் கொடுத்துவிடுகிறேன்.

உங்கள் வீட்டுத் திண்ணையில் யார் உட்கார்ந்தார்கள், யார் நின்றார்கள் என்று நினைவு இருந்தால் கீழே எழுதுங்கள். எழுத்துப்பிழை இருந்தாலும் பரவாயில்லை, திருத்த மாட்டேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்